ஜிப் எனும் பல்வரிசை: பழுதும் பராமரிப்பும்

ஆடை பற்றி எழுதப் புகுந்தால் தமிழில் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. முல்லைப்பாட்டில் 'மெய்ப்பை' என்றொரு சொல் வருகிறது. மெய் புகும் பை, அதாவது சட்டை. சீவக சிந்தாமணியில் 'குப்பாயம்' வருகிறது. ஆகவே தைத்த உடை என்பதே வெள்ளைக்காரன் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும் என்று சிலர் பேசுவது சரியல்ல. ஆனாலும் நம் பொது உடை வேட்டியும் சேலையும்தான். இவை இரண்டுக்கும் பூட்டு எதுவும் தேவையில்லை. கொசுவிச் சொருகினால் வேலை முடிந்தது. பிறகு போர்ச்சுகீசியரிடமிருந்து 'பொத்தான்' என்ற சொல்லை வாங்கி, அது கடன் வாங்கியது என்பதையே மறந்துவிட்டோம். ஜிப் அதற்கும் வெகு பின்னால் வந்த விருந்தாளி. இன்றுவரை அதற்கு மக்கள் வாயில் நிலைத்த தமிழ்ச்சொல் அமையவில்லை. 'பல்லிணை' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆனால் கடைக்கு வந்து "பல்லிணை ஒன்று கொடுங்க" என்று கேட்க ஆள் வரும்வரை ஜிப் என்றே எழுதுவோம்.

புனேயில் இதற்கு 'சேன்' என்று பெயர். மராத்தியர், குஜராத்தியர், ராஜஸ்தானத்து மார்வாடிகள் எல்லோருக்கும் அது சேன்தான். புதிதாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் டைலர் "உங்க சேன் போயிடுச்சு" என்று இந்தியில் சொல்ல, அவர் பதறிப்போய்க் கழுத்தைத் தடவிப் பார்த்ததை என் கடை வாசலிலேயே கண்டிருக்கிறேன். ஜிப்பின் மேல் ஓடுகிற உறுப்பு 'ரன்னர்'. அதில் நாம் பிடித்து இழுக்கும் நாக்கு 'புல்லர்'. இந்தச் சொற்களையே கட்டுரை முழுவதும் பயன்படுத்துகிறேன். இவற்றைச் சொல்லித்தான் கடையில் கேட்க வேண்டும்.

தொல்காப்பியம் பற்றியும் திருக்குறள் பற்றியும் இம்மலரில் எழுத நம் சங்கத்தில் அறிஞர் பலர் உண்டு. ரவிவார் பேட்டையில் நாற்பது ஆண்டுகளாக ஊசி, நூல், கொக்கி, லைனிங், ஜிப் என்று டைலரிங் சாமான் விற்றுக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே என் பங்கு இதுவாக இருக்கட்டும் என்று எண்ணினேன். சின்ன விஷயம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். ஜூன் மாதம் முதல் மழை விழுந்த மறுநாள் என் கடை முன் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். போன வருடத்து ரெயின்கோட்டைப் பரணிலிருந்து இறக்கியிருப்பார்கள், ஜிப் நகராது. பள்ளி திறந்திருக்கும், பிள்ளையின் பை வாய் பிளந்து நிற்கும். துணி நன்றாக இருக்கும், தையல் நன்றாக இருக்கும். ஒரு கட்டிங் சாயா விலைகூடப் பெறாத ஒரு ரன்னர் போனதற்காக ஆயிரம் ரூபாய் பொருள் குப்பைக்குப் போகும்.

வரலாறு சுருக்கமாக

தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை வாங்கிய அமெரிக்கர் எலியாஸ் ஹோவ், 1851-இல் துணிகளைத் தொடர்ச்சியாக மூடும் ஒரு பூட்டுக்கும் காப்புரிமை பெற்றார். ஆனால் தையல் இயந்திர வேலையில் மூழ்கியவர் இதைக் கைவிட்டுவிட்டார். அடுத்து விட்கம் ஜட்சன். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்த அதே ஆண்டில், கொக்கியும் வளையமுமாக ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். காலணிக்காகச் செய்தது அது. நல்ல யோசனைதான், ஆனால் வேண்டாத நேரத்தில் திறந்துகொள்ளும், வேண்டிய நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இன்று நாம் பயன்படுத்தும் ஜிப்பின் உண்மையான தந்தை கிடியன் சுண்ட்பேக் என்பவர். சுவீடனில் பிறந்து 1905-இல் அமெரிக்கா போன மின் பொறியாளர். கொக்கியை விட்டுவிட்டுப் பல்லைப் பிடித்தார். 1913-இல் வடிவம் கிடைத்தது. 1917-இல் காப்புரிமை கிடைத்தது. ஜட்சன் காலத்தில் அங்குலத்துக்கு நான்கு கொக்கி இருந்ததை அங்குலத்துக்குப் பத்துப் பல் என்று நெருக்கினார். அந்தப் பல்லைச் செய்து நாடாவில் பதிக்கும் இயந்திரத்தையும் அவரே அமைத்தார். என்னைக் கேட்டால், பல்லைக் கண்டுபிடித்ததைவிட அந்த இயந்திரத்தை அமைத்ததுதான் பெரிய காரியம். ஒன்றைக் கையால் செய்துவிடலாம். ஒரே அளவில் இலட்சக்கணக்கில் செய்வதல்லவா வியாபாரம்!

'ஜிப்பர்' என்ற பெயர் 1923-இல் வந்தது. பி.எஃப். குட்ரிச் என்ற ரப்பர் நிறுவனம் தான் விற்ற மழைக்கால ரப்பர் காலணிக்கு வைத்த பெயர் அது. காலணியின் பெயர் பூட்டுக்கு ஒட்டிக்கொண்டது. ஆக இந்தப் பெயரே மழையில் பிறந்த பெயர். புனேக்காரர்களுக்கு இது பொருத்தம்தான்.

பல ரன்னர்களின் மேல் 'ஒய்.கே.கே.' என்று மூன்று எழுத்து பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது என்ன என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. யோஷிதா கோக்யோ கபுஷிகி கைஷா என்ற ஜப்பானியப் பெயரின் சுருக்கம். தடாவோ யோஷிதா 1934-இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். 1945-இல் குண்டுவீச்சில் தொழிற்சாலை எரிந்துபோன பிறகு மீண்டும் எழுந்தது. நாடாவுக்கு நூல், பல்லுக்கு உலோகக் கலவை, செய்யும் இயந்திரம் எல்லாவற்றையும் தாங்களே உண்டாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த எழுத்துக்களைப் போலியாகப் பொறித்த சரக்கும் சந்தையில் உண்டு. எழுத்தைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பல் எப்படிப் பிடிக்கிறது

பழுது பார்ப்பதற்கு முன் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் பாதி பழுது தானே விளங்கிவிடும். ஜிப்பின் ஒவ்வொரு பல்லிலும் மேற்புறம் ஒரு சிறு முனை, கீழ்ப்புறம் ஒரு சிறு குழி. ஒரு பல்லின் முனை எதிர்வரிசையில் அதற்கு மேலுள்ள பல்லின் குழியில் போய் உட்காரும். நாடா நேராக இருக்கும்போது பற்களுக்கு நடுவே இன்னொரு பல் நுழைய இடமே கிடையாது. நாடா வளைந்தால்தான் இடைவெளி விரியும். ரன்னரின் உள்ளே இருப்பது ஒய் எழுத்துப் போன்ற பாதை. மேலே இரண்டு வாய், கீழே ஒரு வாய், நடுவில் ஒரு ஆப்பு. மேலே இழுக்கும்போது இரு வரிசையும் இரண்டு வாய் வழியாக வளைந்து உள்ளே போகின்றன. வளைவதால் இடைவெளி விரிகிறது. ஒரு பல் இந்தப் பக்கம், ஒரு பல் அந்தப் பக்கம் என்று மாறிமாறி உட்கார்ந்து, ஒற்றை வாய் வழியாக நேராகி வெளியே வருகின்றன. கீழே இழுத்தால் நடு ஆப்பு அவற்றைப் பிளந்துவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. பற்களைச் சேர்த்து அழுத்தும் வேலை முழுவதும் ரன்னரின் இரண்டு தகடுகளுடையது. நாளாக ஆக அந்தத் தகடுகள் இம்மி அளவு விரிந்துவிடும். விரிந்தால் அழுத்தம் போதாது; ரன்னர் மேலே போகும், பின்னாலேயே ஜிப் வாயைப் பிளக்கும். வாடிக்கையாளர் "பல்லெல்லாம் தேஞ்சு போச்சுங்க" என்பார். பல் தேய்வது அபூர்வம். என் அனுபவத்தில் கடைக்கு வரும் பழுதில் பெரும்பகுதி ரன்னர் பழுதுதான்.

ஜிப்பில் மூன்று சாதி உண்டு. பித்தளை அல்லது அலுமினியப் பல் வைத்த உலோக ஜிப், இது ஜீன்ஸுக்கு. நைலான் அல்லது பாலியெஸ்டர் இழையைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்த காயில் ஜிப். பேண்ட், சுடிதார், பை எல்லாவற்றிலும் இன்று இதுதான். பிளாஸ்டிக் பல்லை வார்த்துப் பதித்த ஜிப். ஜாக்கெட், ஸ்வெட்டர், ரெயின்கோட்டுக்கு. அளவை 3, 5, 8, 10 என்று எண்ணால் சொல்வோம். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ரன்னரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் எண் பொறித்திருக்கும். ஆனால் 5-ஆம் எண் உலோக ஜிப்பின் ரன்னர் 5-ஆம் எண் காயில் ஜிப்புக்குச் சேராது. உள்ளே பாதையின் வடிவு வேறு. ஆகவே ரன்னர் வாங்க வருகிறவர்கள் பழைய ரன்னரையோ, முடிந்தால் உடுப்பையோ கையோடு கொண்டு வர வேண்டும். "நடுத்தர சைஸ், கருப்பு கலர்" என்று போனில் சொன்னால் நான் என்ன செய்வேன்?

கையாலேயே செய்யக்கூடியவை

மேலே சொன்ன, பின்னால் வாய் பிளக்கும் பழுதுக்கு மருந்து ஒரு சின்ன பிளையர். மராத்தியில் பக்கட் என்பார்கள். ரன்னரை ஜிப்பின் தொடக்கத்துக்கு, அடிமட்டம் வரை, கொண்டுபோங்கள். காயில் ஜிப் என்றால் அப்படிக் கொண்டு போகும்போதே கலைந்த சுருள் சீராகிவிடும். பிறகு ரன்னரின் ஒற்றை வாய்ப் பக்கத்தில், இடது ஓரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து மெதுவாக ஒரு அழுத்து. வலது ஓரத்தில் அதேபோல் ஒரு அழுத்து. இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரே அமுக்காக அமுக்கக் கூடாது. இன்றைய ரன்னர்களில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. பித்தளை போல் வளைந்து கொடுக்காது, படக்கென்று உடையும். அதிகம் அமுக்கினால் ரன்னர் நகரவே மறுக்கும். அதை விரிப்பது அமுக்குவதைவிடக் கஷ்டம். இந்த வைத்தியம் நிரந்தரம் அல்ல. ஒருமுறை விரிந்த தகடு மறுபடி விரியும். ஆனால் ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம்.

நகராத ஜிப்புக்கு எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயையே விட்டு, வெள்ளைச் சட்டை நெடுகக் கறையோடு வந்து நிற்பார்கள். எண்ணெய் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் மறுபடி மக்கர் பண்ணும். உலோகப் பல்லுக்குப் பென்சில் போதும். மெதுவான கருப்புப் பென்சிலைப் பற்களின் இருபுறமும் தேய்த்து, ரன்னரை நாலு முறை ஏற்றி இறக்க வேண்டும். பென்சில் கரிக்குள் இருக்கும் கிராஃபைட் வழுக்கிக் கொடுக்கும். வெளிர்நிறத் துணியில் அதுவும் கறை ஆகும், அங்கே மெழுகுவர்த்தித் துண்டு நல்லது. காயிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மெழுகுதான். அவசரத்துக்கு உலர்ந்த குளியல் சோப்புத் துண்டு. ஆனால் தேய்ப்பதற்கு முன் பழைய பல் துலக்கும் பிரஷால் பற்களின் இடுக்கைச் சுத்தம் செய்ய மறக்காதீர்கள். பாதி நேரம் அந்தச் சுத்தத்திலேயே ஜிப் ஓடிவிடும்.

பித்தளைப் பல்லில் பச்சையாகப் பூக்குமே, அது களிம்பு. நம் வீட்டுப் பெண்கள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல ஜீன்ஸ் ஜிப்பையும் புளி, எலுமிச்சை போட்டுத் துலக்கப் பார்ப்பார்கள். விளக்கைத் துலக்கித் துடைத்துவிடலாம். ஜிப்பின் நாடாவுக்குள் போன புளிப்பைத் துடைக்க முடியாது. அது உள்ளேயே தங்கி அடுத்த களிம்பைத் தானே உண்டாக்கும், துணி நிறத்தையும் கெடுக்கும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். கொங்கணக் கரைக்கு, அலிபாக், தாபோலி என்று போய்க் கடல்நீரில் நனைத்துக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் ஜிப்பை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்புக்கு முதலில் பலியாவது ரன்னருக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங்.

ஜிப்பில் துணி சிக்கினால் முன்னே இழுக்காமல், சிக்கிய துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு ரன்னரைப் பின்னோக்கி இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். சிக்கியது துணி அல்ல, தோல் என்றால் விஷயம் வேறு. சின்னப் பையன்களுக்கு அவசரத்தில் பேண்ட் ஜிப் தோலைக் கடித்துவிடுவது உண்டு. பெற்றோர் பதறி ரன்னரை இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் காயம் ஆழமாகும். இழுக்கவே கூடாது. ரன்னருக்குக் கீழே, ஏற்கெனவே மூடியிருக்கும் பகுதியில், தோலிலிருந்து தள்ளி, ஜிப்பைக் குறுக்கே கத்தரித்துவிட்டுக் கீழிருந்து பல்வரிசையைப் பிரித்தால் பல சமயம் தானே விட்டுவிடும். பேண்ட் போனால் போகட்டும். விடவில்லையானால் நேரே டாக்டர். அவர்கள் ரன்னரின் நடுவிலுள்ள பாலத்தைக் கட்டரால் துண்டிப்பார்கள். இரண்டு தகடும் தனித்தனியாக விழுந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டையே போதும் என்று தாய்மார்களிடம் சொல்வது என் வழக்கம். ஜிப் விற்கிறவன் சொல்வதால் நம்புவார்கள்.

பேண்ட் ஜிப் தானாக இறங்குகிறதா? அந்த ரன்னரில் லாக் உண்டு. புல்லரைக் கீழே படுக்க வைத்தால் உள்ளே ஒரு முள் பற்களுக்கிடையில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், நிமிர்த்தினால் விடும். ஜிப்பை ஏற்றியதும் புல்லரை அப்படியே நிமிர்ந்து நிற்க விட்டுவிட்டு ஜிப்பைக் குறை சொல்லக் கூடாது. முள்ளே தேய்ந்திருந்தால் லாக் ரன்னர் வாங்கி மாற்ற வேண்டும். அதுவரை சின்ன சாவி வளையத்தைப் புல்லரில் கோத்து மேல் பொத்தானில் மாட்டி வைக்கலாம். மேலே பொத்தான் போட்டால் வளையம் வெளியே தெரியாது.

புல்லர் ஒடிந்துபோவது பழுதே அல்ல. வளையம், பேப்பர் கிளிப், ஒரு துண்டு நாடா எது வேண்டுமானாலும் கோக்கலாம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐ.டி. வேலையில் ஹிஞ்சேவாடியிலும் கராடியிலும் இருக்கும் நம் பிள்ளைகளோடு தங்குவதற்குத் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பெற்றோர் வருகிறார்கள். அறுபது எழுபது ஆண்டுகள் வேட்டி துண்டிலேயே இருந்தவர்கள். டிசம்பரில் புனேக் குளிர் வந்ததும் பிள்ளை ஒரு ஜாக்கெட் வாங்கிக் கொடுக்கிறான். அந்த ஜாக்கெட்டின் அடியில் ஊசியைப் பெட்டிக்குள் செருகி, பிடித்துக்கொண்டு, புல்லரை இழுக்க வேண்டும். கை நடுங்குகிறவருக்கு இது முடிகிற காரியமா? ஒவ்வொரு தடவையும் மருமகளைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, ஜாக்கெட்டைத் திறந்தபடியே போட்டுக்கொண்டு காலை நடை போய், மார்ச்சளி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இதற்கு ஒரு எளிய வழி: ஜாக்கெட் ஜிப்பைப் பாதி வரை போட்டு நிரந்தரமாக வைத்துவிட்டு, பனியன் மாதிரி தலை வழியாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு மேலே ஏற்றுவது சுலபம். புல்லரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நாடா வளையம் கட்டிவிடுங்கள். கட்ட ஐந்து நிமிடம் ஆகாது. நான் இதற்குக் காசு வாங்குவதில்லை.

ஜாக்கெட், ரெயின்கோட் ஜிப்களுக்கு வரும் தனி நோய் அந்த ஊசி நுனியில்தான். ஊசி பெட்டியின் அடிவரை போய் உட்காரும் முன்பே இழுத்துவிடுவதால் இரு வரிசையும் ஏறுமாறாகக் கோத்துக்கொள்ளும். நாளடைவில் ஊசியை ஒட்டிய நாடாவின் விறைப்பான பகுதி பிய்ந்து நூல்நூலாகும். ஆரம்பத்திலேயே கவனித்தால், பிய்ந்த நூலைக் கத்தரித்துவிட்டு நகப்பூச்சை இரண்டு மூன்று தடவை பூசிக் காய வைத்தால் மறுபடி விறைத்துக்கொள்ளும். ஊசியே கழன்று விழுந்துவிட்டால் முழு ஜிப்பையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே, ஒரு கையால் ஜாக்கெட்டைப் பூட்டுகிற வழக்கத்தை விட்டால் இந்த நோய் பாதி குறையும். ஆகுர்டியில் பஜாஜ் சேத்தக் செய்த ஊர் அல்லவா இது. எல்லா வேலையும் இங்கே ஸ்கூட்டர் மேலிருந்தே நடக்கிறது.

ரன்னரை மாற்றுவது

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், திறமை அதிகம் வேண்டாம். ஜாக்கெட்டில் ரன்னர் இருப்பது பெட்டி உள்ள பக்கத்து நாடாவில். அந்தப் பக்கத்து மேல் ஸ்டாப்பரைப் பிளையரால் நெம்பி எடுத்து, பழைய ரன்னரை மேல் வழியாக உருவி, புதியதை ஒற்றை வாய் கீழே பார்க்கும்படி மேலிருந்து நுழைக்க வேண்டும். பிறகு ஸ்டாப்பர் இருந்த இடத்தில் தடித்த நூலால் ஏழெட்டுத் தையல் குவித்துப் போட்டால் அதுவே ஸ்டாப்பர்.

பேண்டில் ரன்னர் ஒரு பக்கம் கழன்றுகொண்டால், அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே, கழன்ற பக்கத்து நாடாவில் இரண்டு பற்களுக்கு நடுவே சின்னதாக ஒரு வெட்டு. அந்த வெட்டின் வழியாக நாடாவை ரன்னருக்குள் நுழைத்து, இருபுறமும் பல் சமமாக வருகிறதா என்று பார்த்து மேலே இழுத்துவிடுங்கள். சமமாக இல்லாவிட்டால் மேலே போனதும் ஒரு பக்கம் தொங்கும். பிறகு வெட்டுக்குச் சற்று மேலே இரண்டு வரிசையையும் சேர்த்துக் குறுக்கே தைத்துவிட வேண்டும். ரன்னர் மறுபடி அங்கே இறங்கக் கூடாது. நூல் பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும், பருத்தி நூல் உரசி அறுந்துவிடும். மதுரைப் பெயரைத் தாங்கிய மதுரா கோட்ஸ் நூல் மராத்தி டைலர்களின் மெஷினில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பைகளுக்கு, உணவு மேஜையின் முள்கரண்டி உதவும். கரண்டியைச் செங்குத்தாக நிறுத்தி, ரன்னரை அதன் முட்களில் செருகி நிற்க வைத்து, இரு நாடாவையும் ஒரே சமயத்தில் ஊட்டினால் மூன்றாவது கை தேவைப்படாது.

பல் போனால்? உலோகத்தில் அடியில் ஒன்றிரண்டு பல் போயிருந்தால் அதற்கு மேலே தைத்துக்கொண்டு ஜிப்பைச் சற்றுக் குட்டையாக்கலாம். நடுவில் போனால் ஜிப்பையே மாற்ற வேண்டியதுதான். காயில் அறுந்தாலும் அப்படியே.

சுடிதார், பிளவுஸ்களில் வைக்கும் மறை ஜிப் தனி ரகம். இடுப்புத் தையல் குறுக்கே வரும் இடத்தில் துணி தடிப்பாக இருப்பதால் ரன்னர் அங்கே வந்து நின்றுவிடும். அங்கே வேகமாக இழுத்தால் ரன்னர் உடையும், அல்லது காயில் பிளக்கும். அந்த இடத்தில் துணியை மேலும் கீழும் இழுத்துப் பிடித்து, நிதானமாகத் தாண்டவிட வேண்டும்.

துவைப்பதும் தேய்ப்பதும்

வாஷிங் மெஷினில் போடும் முன் ஜிப்பை மூடிவிடுங்கள், உடுப்பை உள்வெளியாகத் திருப்புங்கள். திறந்த ஜிப்பின் பல் பக்கத்திலிருக்கும் பட்டுத் துணியை ரம்பம் போல அறுக்கும். ரன்னரும் டிரம்மில் அடிபட்டு விரியும். இஸ்திரி போடும்போதும் மூடியே இருக்க வேண்டும், மேலே ஒரு துணி போட்டுத் தேய்க்க வேண்டும். நைலான் சுமார் 220 டிகிரி செல்சியஸிலும், பாலியெஸ்டர் சுமார் 255-இலும் உருகும். பருத்திக்கு வைக்கும் இஸ்திரிச் சூடு 200-ஐத் தொடும். உருகும் முன்பே இளகிச் சுருள் நெளிந்துவிடும். நெளிந்த சுருளுக்கு மருந்தில்லை. கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கும் பையனுக்கு இதெல்லாம் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

ரெயின்கோட்டை மழைக்காலம் முடிந்ததும் சேறு போக அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஜிப்புக்கு மெழுகு தேய்த்து, மூடிய நிலையில் தொங்கவிட்டு வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்துப் பரணில் போடுவதால்தான் ஜூனில் நகர மறுக்கிறது.

டைலர்கள் ஏன் செய்வதில்லை

"ஒரு ஜிப் மாத்தித் தரச் சொன்னா முகத்தைச் சுளிக்கிறாங்க" என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். டைலர் பக்கத்து நியாயமும் உண்டு. ஜீன்ஸில் ஜிப் மாற்ற முன்பட்டையைப் பிரிக்க வேண்டும். அதில் இரட்டைத் தையல், மூன்றடுக்குத் துணி. பிரிப்பதற்கே அரைமணி. மறுபடி அதே கோட்டில் தைக்க வேண்டும். ஜிப்பின் விலையைப் போலப் பல மடங்கு கூலி கேட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருகிறார். புதிதாகத் தைத்தாலோ மரியாதையும் உண்டு, காசும் உண்டு. ஆகவே நல்ல டைலர் பழுது வேலையை வேண்டாம் என்கிறார்.

அந்த இடத்தை நிரப்புகிறவர்கள் சைக்கிளில் வரும் குடை ரிப்பேர்க்காரர்கள். மே கடைசியில் "சத்ரீ ரிப்பேர், சேன் ரிப்பேர்" என்று கூவிக்கொண்டு வருவார்கள். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேஹு ரோடிலும் நம் பழைய தமிழ்க் குடும்பங்கள் இவர்களை முகம் பார்த்து அறிவார்கள். ஒரு டப்பாவில் நூறு விதமான பழைய ரன்னர் வைத்திருப்பார்கள். பழைய துணிச்சந்தையில் கிழிந்த ஜாக்கெட், உடைந்த பை வாங்கி அதிலிருந்து கழற்றியவை. பார்த்த மாத்திரத்தில் எண்ணைச் சொல்லிவிடுவார்கள், கடைக்காரனான எனக்கே ஆச்சரியமாக இருக்கும். பெரிய குடியிருப்புகளில் இப்போது காவலாளி இவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். உள்ளே இருக்கிறவர்கள் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுப்பை வரவழைக்கிறார்கள்.

வியாபாரி என்ற முறையில் எனக்கு முழு ஜிப் விற்றால்தான் லாபம். ரன்னரில் சில்லறைதான் மிஞ்சும். அதற்காக ரன்னர் போதும் என்கிற இடத்தில் ஜிப்பை வாங்கச் சொல்ல மாட்டேன். ரன்னர் கேட்டு வந்தவர் பத்து வருடம் கழித்தும் வருவார்.

வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்துக்கொள்ளுங்கள். சின்ன பிளையர், மெழுகுவர்த்தித் துண்டு, பென்சில், தடித்த ஊசி, கருப்பும் வெள்ளையுமாகப் பாலியெஸ்டர் நூல், மூன்றாம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும் இரண்டிரண்டு காயில் ரன்னர். உடுப்பைக் கழிக்கும்போது அதன் ரன்னரையும் ஸ்டாப்பரையும் கழற்றி அதில் போட்டு வையுங்கள். ஐந்தாம் எண் ரன்னர் லாக் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், பேண்டுக்கும் ஆகும் பைக்கும் ஆகும்.